மண்கலத்தில் வந்தது

பனி நீங்காத முகடுகள் நண்பகல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்ய, கல்வேலிகளுக்கிடையே இலாமா மந்தைகள் காய்ந்த புல்லைக் கொறித்துத் திரிய, ஓயாத காற்று கூரைத் தகரத்தை அறைந்துகொண்டிருந்த வைல்யாபாட்டா மேட்டுப் பள்ளிக்கூடத்தில், ஊதியம் கருதாது வந்த மருத்துவர் எலியோதோரோவும் அவருடைய மாணவி நீல்டாவும் ஊர் ஊராய் நோயாளரைப் பார்த்து வந்த களைப்பில் சுவரோடு சாய்ந்திருந்தனர். கற்றறிந்தோரே, இரக்கமுடையார்க்கும் உறக்கம் வேண்டுமென்பதை எவரும் நினைப்பதில்லை.

அவ்வேளையில் சாத்தூர்னினாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. நகரத்து மருத்துவமனையில் அறுத்தெடுத்தாலன்றி இரண்டுயிரும் பிழையா. ஆயினும் அவள் கணவன் போர்துனாத்தோ, மண்கலம் ஒன்றை மார்போடு அணைத்தபடி மருத்துவர் வந்த ஊர்தியின் கதவை மறித்து நின்றான். நஞ்சுக்கொடியைக் கழுவி அடுப்படி மண்ணில் புதைத்தால்தான் பிள்ளை நிலைக்கும் என்பது எங்கள் மலையின் வழக்கம்.

"போன தடவை ஆஸ்பத்திரியில அதக் குப்பையில வீசிட்டாங்க, டாக்டரே. பல்லு மொளைக்கறதுக்குள்ள புள்ள போயிருச்சு. இவ இங்கயே கெடக்கட்டும்."

"அட மடையா, பொண்டாட்டி சாகப் போறாய்யா! வழிய விடு!"

"நீங்க வண்டி ஏறிப் போயிருவீங்க. வெறும் அடுப்படியப் பாத்துக்கிட்டுக் கெடக்கப் போறது நாந்தானே?"

நீல்டா எழுந்து கலத்துக்குக் கை நீட்டினாள். "இப்படிக் குடுங்கண்ணே. நான் கூடவே நிப்பேன். என் கையால வாங்கிட்டு வந்து தர்றேன்."

அவன் கலத்தை அவள் கையில் வைத்துவிட்டு விலகினான்.

மாலை சாயுமுன் நகரத்து மருத்துவமனையில் பெண்மகவு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நிறைந்த நெஞ்சோடு வெளியே வந்த நீல்டா, நஞ்சுக்கொடியைத் தரும்வரை சற்றே இளைப்பாற எண்ணி நடைவழிப் பலகையில் அமர்ந்தாள், அமர்ந்தவள் உறங்கிப்போனாள். விழித்தபோது மடியில் கலம் வெறுமையாயிருந்தது, அறையோ கழுவப்பட்டிருந்தது. கொல்லைக்கு ஓடினாள். அன்று பிள்ளை பெற்றவர்களின் நஞ்சுக்கொடிகள் எல்லாம் பெயரற்ற பைகளில் ஒரே தொட்டியில் கிடந்தன. அகப்பட்ட ஒன்றை எடுத்துக் கலத்திலிட்டாள். கதவருகே நின்றிருந்த எலியோதோரோ அனைத்தையும் கண்டார்.

"கையக் கழுவிட்டு வா" என்றார்.

வாயிலில் போர்துனாத்தோ கலத்தை இரு கைகளாலும் ஏந்தினான். "இது அவளோடதுதானே, தங்கச்சி?"

"ஆமாண்ணே."

அவன் அழுதுகொண்டே சிரித்து, இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றை அவள் கையில் வைத்தான். அவள் அதைத் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டாள்.

மறு ஆண்டு மருத்துவரும் நீல்டாவும் மீண்டும் அம்மேட்டுக்கு வந்தபோது, சாத்தூர்னினாவின் முதுகுத் துணியிலிருந்து ஒரு குழந்தை நான்கு பல் காட்டிச் சிரித்தது. நகரமென்றாலே நடுங்கிய சூலுற்ற பெண்கள் அவள் பின்னே ஆளுக்கொரு மண்கலத்தோடு நின்றார்கள்.

"இந்தப் பொண்ண நம்பிப் போங்கடி, சொன்னாச் சொன்னதுதான்!" என்றாள் சாத்தூர்னினா.

நீல்டா தலை நிமிரவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்து, ஒவ்வொரு கலத்தின்மீதும் அதற்குரியவளின் பெயரைப் பெரிதாய் எழுதினாள். எவளோ ஒருத்தியின் நஞ்சுக்கொடி சாத்தூர்னினாவின் அடுப்படியில் கிடக்கிறது. அந்த ஒருத்தி யாரென்று அறிவார் இல்லை. அதன்பின், எவ்வளவு களைத்தாலும், பேற்றறை வாசலில் நீல்டா உட்கார்ந்து எவரும் கண்டதில்லை.