பூவம்மாள் கவிழ்த்த பானை

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். முதலில் முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். அழுத்தித் துடைக்க வேண்டாம், ஈரம் அப்படியே இருக்கட்டும். அது காய்வதற்குள் ஒரு கதை சொல்கிறேன். பயமுறுத்துகிற கதைதான். ஆனாலும் நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். அப்படிப் போனால் ஒருத்தியைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டே போவீர்கள்.

வெள்ளைக்காரன் காலம். ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் துரைசாமி என்று ஒருவன் இருந்தான். தோல் பதனிடும் கார்கானாவில் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் ஆட்டுத்தோலைப் போட்டுப் புரட்டிப் புரட்டி, முழங்கை வரைக்கும் அவன் கை செம்பட்டையாகிக் கிடக்கும். அவனுடைய முதல் பெண்சாதி பூவம்மாள் ஒரு கத்திரி வெயிலில் செத்துப்போனாள். தை பிறந்ததும் பள்ளிகொண்டாவிலிருந்து சுந்தரியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

மறுபடியும் கத்திரி வந்தது. சுந்தரியின் கன்னம் வறண்டு சொரசொரத்தது. உதடு வெடித்தது. சிரித்தால் எரிந்தது. மாமியார் செல்லம்மாள் நல்ல மனுஷி. அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாம்மா இப்படி காஞ்சி கெடக்குது? ஆவாரத் தண்ணியில கழுவு. எந்த வெயிலுக்கும் மூஞ்சில ஈரம் நிக்கும். பூவம்மாளோட அம்மா சொல்லும்." பிறகு மகனைக் கூப்பிட்டாள். "டேய் துரை, அவளுக்கு எடுத்தாந்தியே, அதேமாதிரி இவளுக்கும் ஒரு பானை எடுத்தாடா."

துரைசாமி கார்கானாவிலிருந்து ஒரு பானை கொண்டுவந்து கொல்லையில் வைத்தான்.

மறுநாள் உச்சிவேளை. தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. முகம் கழுவலாம் என்று சுந்தரி கொல்லைக் கதவைத் திறந்தாள். அவள் கண் முன்னாலேயே பானை சாய்ந்து கவிழ்ந்தது. காற்று இல்லை, பூனை இல்லை. வேலிப்படலிலிருந்து பானை வரைக்கும் மண்ணில் ஈரக் காலடிகள். வந்த காலடிகள்தான் இருந்தன, திரும்பிப் போன காலடி இல்லை. கொட்டிய தண்ணீரில் மஞ்சளாக ஒரு பூ மிதந்தது.

இன்னொரு பானை வந்தது. அதுவும் கவிழ்ந்தது. அன்றைக்கு அவள் பார்த்தேவிட்டாள். முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்ட ஒரு பெண். முந்தானை நுனியிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர். இரண்டு கையாலும் பானையைத் தள்ளிவிட்டு, அதே மஞ்சள் பூவை அந்த இடத்தில் போட்டாள். ஆற்று மணல் நனைந்த வாசனை வீசியது. சுந்தரி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"மூத்தவளுக்குப் பொறாமைடி," என்றாள் எதிர்வீட்டு ஆரோக்கியமேரி. "தன் மூஞ்சிதான் போச்சு, ஒன்னுது மட்டும் நல்லாருக்கலாமான்னு வர்றா. பூவ வேற போட்டுட்டுப் போறா பாரு, பொணத்துக்குப் போட்றமாதிரி."

பூவம்மாளுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் சுந்தரிக்குத் தெரிந்தது. அந்தக் கோடையில் அவள் முகம் இறுகி, வாயோரமெல்லாம் வெடித்துப் போனதாம். "இன்னாடி, ஒம் புருஷன் வீட்லயும் தோலு காயப்போட்றானா?" என்று பெண்கள் கேலி பேசினார்களாம். அதற்குப் பிறகு அவள் முந்தானையை விலக்கவே இல்லை. யாரும் பார்க்காத உச்சிவேளையில் ஆற்று ஊற்றுக்குப் போய் முகம் நனைப்பாள். ஒருநாள் வெயில் தாங்காமல் அங்கேயே சாய்ந்து, ஊற்றுத் தண்ணீரில் முகம் புதைந்தபடி கிடந்தாள்.

துரைசாமி பூசாரியிடம் சொல்லிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை வந்து, அவள் ஆவியைப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுவார். அப்புறம் அவள் எங்கேயும் அசைய முடியாது, தண்ணீர்ப் பக்கமும் வர முடியாது. கேட்டதும் சுந்தரிக்கு நெஞ்சு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூவை எறிய மட்டும் கை வரவில்லை. வியாழக்கிழமை துரைசாமி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அதை அவன் முன்னால் வைத்தாள்.

"இது இன்னா பூ?"

"ஆவாரம்பூ. கரம்பு நெலம் பூரா பூத்துக் கெடக்குதே."

"கார்கானாவுல இதையும் போடுவீங்களா?"

"பூவு எதுக்கு? பட்டதான். பட்டத் தண்ணியில ஊறினாத்தான் தோலு இறுகும். இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி..."

அவன் நிறுத்திவிட்டான். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்லம்மாளும் நிறுத்திவிட்டாள்.

"யம்மா," என்றான், "பூவம்மாளோட அம்மா பூவையா சொல்லுச்சு?"

"எனக்கு இன்னாடா தெரியும்? ஆவாரம்னு சொல்லுச்சு. நம்மூட்ல ஆவாரம்னா பட்டதானே..."

"உயிரோட இருந்தவ மூஞ்சிய நானே பதம் போட்டுட்டேனேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். சோறு தரையில் சிதறியது.

வெள்ளிக்கிழமை பூசாரி ஆணியும் சுத்தியுமாக வந்தார். சுந்தரி வாசலை மறித்து நின்றாள்.

"ஆணி வேணாம், சாமி. போய்ட்டு வாங்க."

"இந்த வெயில்ல வரச்சொல்லிட்டு வெளயாட்றீங்களா? பேஜாரா இருக்குதும்மா ஒங்களோட!"

"மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவர் போனதும் கரம்புக்குப் போய்ப் பூப் பறித்து வந்தாள். புதுப் பானையில் ஊற்றுத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுக் கொல்லையில் வைத்தாள். உச்சிவேளையில் ஈரக் காலடி வந்தது. சுந்தரி இந்தத் தடவை கூச்சல் போடவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை.

"அக்கா, பூதான் போட்டிருக்கேன். மொதல்ல நீ கழுவிக்கோ."

பானை கவிழவில்லை. அந்த முந்தானை மெல்ல மேலே ஏறியது. கதவுக்குப் பின்னால் நின்ற துரைசாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவனால் பார்க்க முடியவில்லை. இரண்டு கையால் அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொள்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. சத்தம் அடங்கியபோது பானையில் பாதித் தண்ணீர் இருந்தது. சுந்தரி அந்த மிச்சத்தில்தான் தன் முகத்தைக் கழுவினாள். கன்னத்தில் குளிர்ந்த உள்ளங்கை ஒன்று பட்டு விலகியது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த ஈரம் காயவில்லை.

அப்புறமும் அவள் வராமல் இல்லை. ஒவ்வொரு கத்திரியிலும் அந்த வீட்டுப் பூப்பானை உச்சிவேளையில் பாதியாகும். துரைசாமி மட்டும் அந்நேரம் வீட்டில் இருக்கமாட்டான். ஊற்றங்கரையில் போய் உட்கார்ந்திருப்பான்.

உங்கள் முகத்து ஈரம் இன்னும் இருக்கிறதா, கண்ணுகளா? இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பானை வற்றாமல் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் முகத்தை மூடிக்கொள்ளாமல் வாழட்டும். உங்கள் வாசலுக்கு எவள் தாகத்தோடு வந்தாலும், அவளுக்கு ஒரு கை தண்ணீர் மிஞ்சியிருக்கட்டும்.