கேப்டன் மெரிக் வராத மாலை

ஆறரை மணிக்குக் கேப்டன் மெரிக் வியாழன் கோளைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். ஆறு இருபதுக்கு அவர் புரூக்ளினில் ஒரு மருந்துக்கடைத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, டாக்ஸி பனியில் புதைந்துவிட்டது, சுரங்க ரயிலைப் பிடித்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

1952 பிப்ரவரி மாதம். நியூயார்க்கில் மதியத்திலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் வரும் விண்வெளித் தொடரில் மெரிக்காக நடித்த கார்ல்டன் ஹாய்ட், பொம்மைக்கடை ஒன்றில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கப் போன இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டார். படம்பிடித்து வைத்து ஒளிபரப்புகிற வழக்கமெல்லாம் அந்தத் தொடரில் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், நடப்பதெல்லாம் அப்படியே வீடுகளுக்குப் போய்விடும்.

டைரக்டர் ஸால் மெண்டல் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்றைய கதையில் சனிக்கோளின் சக்கரவர்த்தி ஸுல்கன் கப்பலுக்குள் புகுந்துவிடுவான். கடைசியில் மெரிக் அவனைக் கதிர்த் துப்பாக்கியால் வீழ்த்த வேண்டும். சுடுவதற்கு மெரிக்தான் இல்லை. வேறு யார் கையிலாவது துப்பாக்கியைக் கொடுக்கலாமென்றால், கப்பலில் மிச்சமிருப்பது வழிகாட்டும் அதிகாரி ஐரா ஒருத்திதான். தொடரில் வரும் பெண்கள் ஆயுதம் தொடக்கூடாது என்பது, விளம்பரத்துக்காகப் பணம் போட்டு நிகழ்ச்சியை நடத்திய காலை உணவுக் கம்பெனியின் கண்டிப்பு.

ஐராவாக நடித்தவள் வெர்னா டல்ஸ்கி. பஃபலோ ஊர்க்காரி, முப்பத்தொரு வயது. எட்டு மாதமாக அவளுக்கு எழுதப்பட்ட வசனம் பெரும்பாலும் கேள்விகள்தான். அது என்ன கேப்டன், இனி என்ன ஆகும் கேப்டன், நாம் பிழைப்போமா கேப்டன். ஆனால் போர்க்காலத்தில் அவள் கடற்படையின் பயிற்சிப் பள்ளியில், இரவில் பறக்கும் விமானிகளுக்கு நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். நானூறு பேருக்கு மேல் அவளிடம் படித்துப் போனார்கள். இது ஸாலுக்குத் தெரியும். கதை எழுதுகிறவருக்குத்தான் தெரியாது.

அவள் ஒப்பனை அறையிலிருந்து வந்து ஸாலின் எதிரே நின்றாள்.

"கார்ல் வர்ற வரைக்கும் கப்பலை நான் ஓட்டறேன் ஸால்."

"துப்பாக்கி இல்லாம ஸுல்கனை என்னம்மா பண்ணுவே?"

"துப்பாக்கி அவன்கிட்டயே இருக்கட்டும். கணக்கு என்கிட்ட இருக்கு."

 ஸால், பின்னணிச் சத்தம் கொடுக்கும் லூவைக் கூப்பிட்டு, இவள் கையை உயர்த்தினால் இன்ஜின் சத்தத்தை நிறுத்து என்றார். ஸுல்கனாக நடித்த ஓடிஸ் ஃபென்விக்கிடம் விஷயத்தைச் சொன்னபோது கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது வருஷம் மேடையில் அரசர்களாக நடித்தவர். இங்கே வந்து, வாரம் தவறாமல் முகவாயில் குத்து வாங்கி விழுவதே வேலையாகிப் போயிருந்தது.

"நீ பேசு. நான் விடமாட்டேன், பதில் குடுத்துக்கிட்டே இருப்பேன்" என்றார் ஓடிஸ்.

சரியாக ஆறரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மெரிக் ஒரு பனிக்கோளை வேவு பார்க்கப் போயிருப்பதாகப் பதிவேட்டில் குறிப்பது போல வெர்னா உரக்கச் சொல்லிவிட்டு, கேப்டனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கட்டுப்பாட்டுப் பலகை முழுக்கக் காகிதத் துண்டுகள். கார்ல்டனுக்கு வசனம் மனதில் நிற்காது. எல்லாவற்றையும் எழுதி அங்கங்கே ஒட்டி வைத்திருப்பார். வெர்னா அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பத்தாவது நிமிஷம் ஸுல்கன் உள்ளே நுழைந்தான். துப்பாக்கியை அவள் நெற்றிக்கு நேராக நீட்டி, கப்பலைச் சனிக்குத் திருப்பச் சொன்னான். அவள் கையை உயர்த்தினாள். அதுவரை உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் பட்டென்று அடங்கியது. 

கப்பல் இப்போது சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது, திருப்பும் கணக்கு என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்றாள் வெர்னா. ஸுல்கன் சிரித்தான். தானே கணக்குப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். அப்படியானால் போடு என்று அவள் பென்சிலை நீட்டினாள். மூன்று நட்சத்திரங்களைக் குறிபார்த்துப் பிடித்தால்தான் நாம் இருக்கும் இடம் தெரியும், எந்த மூன்று என்று சொல் என்று கேட்டாள். பின்னால் கருந்துணியில் ஓட்டை போட்டு விளக்கு வைத்திருந்த வானத்தை ஸுல்கன் திரும்பிப் பார்த்தான். ஓடிஸுக்கு உண்மையிலேயே ஒரு நட்சத்திரத்தின் பெயரும் தெரியாது. அவர் விழித்த விழிப்பு நடிப்பில்லை.

பிறகு அவளே எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். எதை முதலில் பிடிப்பது, கோணத்தை எப்படி அளப்பது, மூன்று கோடும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று பள்ளியில் சொல்வதைப் போலவே நிதானமாகச் சொன்னாள். ஸுல்கன் மிரட்டினான், கெஞ்சினான், பாதி ராஜ்ஜியம் தருவதாகச் சொன்னான். அவள் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து மிச்சமிருக்கும் நிமிஷத்தை மட்டும் சொன்னாள். கேமராக்காரர்கள் காதில் மாட்டிய கருவியில் ஸால் சொல்வதைக் கேட்காமல் தாங்களாகவே அவள் முகத்தின் அருகே நகர்ந்தார்கள். ஸாலும் தடுக்கவில்லை.

இருபத்திநாலாவது நிமிஷத்தில் ஸுல்கன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். அதே சமயம் கப்பலின் கதவு திறந்து கேப்டன் மெரிக் உள்ளே வந்தார். தோளெல்லாம் பனி. மூச்சு இரைத்தது. கதை எங்கே போயிருக்கிறதென்று அவருக்குத் துளியும் தெரியவில்லை. தன் வசனம் ஒட்டிய பலகையைத் தேடிப் பார்த்தார். அதன் எதிரே கேப்டனின் நாற்காலியில் வெர்னா திரும்பவும் உட்கார்ந்திருந்தாள்.

"பனிக்கோள்ல ரொம்பக் குளிரா கேப்டன்?"

"ரொம்ப" என்றார் கார்ல்டன். அது சத்தியம்.

"இவர் சரணடைஞ்சுட்டார். கீழ் அறையில வெச்சுப் பூட்டுங்க. கப்பலை நான் திருப்பறேன்."

 கார்ல்டன் விறைப்பாக நிமிர்ந்து அவளுக்கு சல்யூட் அடித்து, "உத்தரவு" என்றார். வெர்னா லூவைப் பார்த்துக் கையைக் கீழே அசைத்தாள். இன்ஜின் உறுமியது. ஸுல்கன் தலைநிமிர்ந்து, நிஜ அரசனைப் போலவே, சிறைக்கு நடந்து போனான்.

விளக்கு அணைந்ததும் கம்பெனியின் ஆள் ப்ரூயிட் படியிறங்கி வந்தார். சத்தம் போடுகிறவர் அல்ல அவர். துப்பாக்கி விஷயத்தில் குறை சொல்ல அவருக்கு இடமில்லை. அவள்தான் அதைத் தொடவேயில்லையே. அவரை உறுத்தியது சல்யூட்தான்.

"நாட்டுல இருக்கற பசங்கெல்லாம் மெரிக்கைப் பாத்துத்தான் எங்க சோளப்பொரியைத் திங்கறாங்க. அவரு ஒரு பொம்பளைக்கு சல்யூட் அடிக்கலாமா மிஸ்டர் ஹாய்ட்?"

கார்ல்டன் நனைந்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, கப்பல் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அடிப்பதுதான் முறை என்றார். தானும் கடற்படையில் இருந்தவன், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார்.

வெர்னா நாளைய வசனத்தாளை எடுத்து ப்ரூயிட்டிடம் கொடுத்தாள்.

"நாலாம் பக்கத்தைப் பாருங்க. வால்நட்சத்திரம்னா என்னன்னு நான் கேப்டன்கிட்ட கேக்கறேன். இதை நான் பேச மாட்டேன் சார். வேற யாரையாவது வெச்சுப் பேச வைங்க. இல்லேன்னா எழுதினதை மாத்துங்க."

மிரட்டலாக அவள் அதைச் சொல்லவில்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். ப்ரூயிட் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடிதங்கள் வரட்டும், பார்க்கலாம் என்றார். மறுநாள் ஐராவுக்கு வசனமே இல்லாமல் காட்சி ஓடியது.

திங்கட்கிழமை கடிதங்கள் இரண்டு சாக்கில் வந்தன. ஒஹையோவிலிருந்து ஒரு தாய், பெண்ணுக்கு இத்தனை அதிகாரம் ஆகாது என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். அந்த மாதிரி இன்னும் இருபது இருக்கும். மற்றவை எல்லாம் கணக்கைப் பற்றியே இருந்தன. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிள்ளைகள் தாளில் வரைந்து, இது சரியா என்று கேட்டிருந்தார்கள். டொலீடோவில் ஒரு வானியல் ஆசிரியர், நீங்கள் காட்டிய மூன்றாவது நட்சத்திரம் எங்கள் ஊரில் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை என்று குற்றம் சொல்லியிருந்தார். விண்வெளியில் அடிவானம் ஏது ஐயா என்று வெர்னா அன்றே பதில் எழுதித் தபாலில் போட்டாள்.

ப்ரூயிட் ஒரு சாக்கை முழுவதுமாகப் படித்தார். புதன்கிழமை ஸாலிடம் வந்து, இனி வாராவாரம் வியாழக்கிழமைக் கதைகளை ஐரா நடத்தட்டும், ஆனால் துப்பாக்கி மட்டும் கூடாது என்றார். ஸால் இதைச் சொன்னபோது, எனக்கு அது எதற்கு என்றாள் வெர்னா. கதை எழுதுகிறவர் நோட்டும் கையுமாக வந்து அவள் அருகே உட்கார்ந்தார். ஸுல்கன் எப்படியும் சிறையிலிருந்து தப்ப வேண்டும், ஓடிஸ் கேட்டுக்கொண்டேயிருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டார். அவள் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, தாளில் முதலில் சனியை வரைந்தாள்.