இப்போதைக்கு வைத்த குரல்

வானத்துக்குக் கூரை போட்டு அடைத்துவிட்ட ஓர் ஊரைப் பற்றிய படம் அது. இரண்டரை மணி நேரப் படத்தை இரண்டு நிமிட டிரெய்லராக வெட்டித் தருவது எடிட்டரின் வேலை. வேலையில் ஆள் கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. முதல் பத்து விநாடிக்குச் சத்தமே இல்லை. சாம்பல் நிறத் தெரு, ஒரு குருவிகூட இல்லாத மின்கம்பி, அவ்வளவுதான். இது நம் உலகமில்லை என்று பார்க்கிறவருக்கு அங்கேயே புரிந்துவிடும். பிறகு எங்கோ அடியிலிருந்து உறுமும் முரசு. திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் ஒரு குழந்தையின் குரல்: “அப்பா... கதவத் திறப்பா... இருட்டா இருக்கு.”

அந்தக் குரலால்தான் வந்தது வினை.

டப்பிங் பேசும் குழந்தை வரும்வரை இடம் காலியாகக் கிடக்க வேண்டாமே என்று எடிட்டர் இப்போதைக்கு வைத்தது அது. அந்தத் தொழிலில் இப்போதைக்கு என்று வைத்த எதுவும் லேசில் இடத்தைவிட்டு நகராது. நூறு தடவை கேட்டதில் டைரக்டர் அதிலேயே சொக்கிப்போனார். டப்பிங் குழந்தை இருபது முறை பேசிக் காட்டியது.

“நடிக்குதுய்யா. பழசையே வை” என்றார் டைரக்டர்.

எடிட்டர் குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிப் பார்த்தார்.

“ஐயோ, உசுரே போச்சே! யார் உன்னை மாத்தச் சொன்னது? ஆமா, எங்க புடிச்ச இந்தக் குரல?”

“நெட்ல கெடச்சது சார்.”

நெட்டாவது மண்ணாவது! அவருடைய ஆறு வயது மகளின் குரல் அது. மூன்று மாதத்துக்கு முன்பு, அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்த நேரம். மகள் குளியலறைக்குள் இருக்கும்போது தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. விளையாட எடுத்துப்போன அம்மாவின் போனிலிருந்து குழந்தை அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பியது. எடிட்டர் அதை அப்போதே கேட்டார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மனைவிதான் வீட்டில் இருக்கிறாளே, திறந்துவிடுவாள் என்று இருந்த இடத்திலேயே இருந்தார். அதோடு விட்டாரா? என்ன ஒரு குரல் என்று இன்னொரு முறை கேட்டார், படுபாவி. மாடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடுத்த மனைவி இறங்கி வர அரை மணி நேரம் ஆனது.

அன்று சாயங்காலம், “போன் சைலன்ட்ல இருந்துச்சு, எனக்குக் கேக்கவே இல்ல” என்று கூசாமல் சொன்னார். மனைவி அதை நம்பி, இன்றுவரை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

டிரெய்லர் வெளியீட்டுக்கு டைரக்டரே எடிட்டரின் மனைவிக்குப் போன் செய்து அழைத்துவிட்டார். தியேட்டரில் மனைவி இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். நடுவில் எடிட்டருக்கு ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது.

“கண்ணு, பாப்கார்ன் வாங்கலாம் வா.”

“அப்புறம்ப்பா.”

“எனக்கு வயிறு என்னமோ பண்ணுதும்மா. வீட்டுக்குப் போயிடலாமா?”

“நீங்க போயிட்டு வாங்க. உங்க வேலைய நாங்க ஒரு தடவையாவது பாக்க வேணாமா?” என்றாள் மனைவி.

விளக்கு அணைந்தது. சாம்பல் தெரு. மின்கம்பி. முரசு. தன் கையால் வெட்டியதுதானே, எத்தனை விநாடி பாக்கி என்று எடிட்டருக்குத் தெரியும். இருட்டு வந்தது. குரல் வந்தது.

“அப்பப்பா, புல்லரிக்குதுடா!” என்றார் பின்வரிசையில் ஒருவர். தலைப்பு விழுந்ததும் தியேட்டரே எழுந்து கைதட்டியது. மனைவி கைதட்டவில்லை. திரும்பி அவரையே பார்த்தாள்.

மகளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா, அது நான்! அப்போ நான் கூப்ட்டது உனக்குக் கேட்டுச்சா?”

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மனைவியின் கண்ணைப் பார்த்து அதை விழுங்கினார்.

“கேட்டுச்சு கண்ணு.”

மகளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“அப்புறம் ஏம்ப்பா வரல?”