டி டிரைவ் இருந்த இடம்

விண்டோஸ் திறந்தது. கார்த்தி கையைத் தட்டினான்.

"வந்திருச்சு பாருங்க்கா. பழைய செக்டரக் காப்பி எடுத்து வெச்சவன் எதுக்கும் பயப்பட வேண்டியதில்ல."

கவிதா மௌஸை வாங்கிக்கொண்டாள். சி டிரைவ் இருந்தது. டி இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். சி மட்டும்தான்.

"கார்த்தி, டி எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டான்.

கவிதாவின் ஸ்டூடியோ வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருந்தது. கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸ் இழுத்துக்கொண்டு கிடந்ததால், பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுத் தர கார்த்தி மலைக்குக் கீழே சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் தொழில்.

சுவரோரம் ஸ்டூலில் சின்னராசு உட்கார்ந்திருந்தார். மிளகுக் காடு வைத்திருப்பவர். போன வாரம் அவர் மகள் அம்சவேணிக்குக் கல்யாணம். படம் எடுத்தது கவிதா. தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பெண்ணின் அப்பாதான் போய் அழைத்து வரவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தாய்மாமன் வந்த வேன் மலை வளைவில் நின்றுபோனது. சின்னராசு ஜீப்பில் மலையிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முகூர்த்தம் முடிந்து சனம் சாப்பிட உட்கார்ந்துவிட்டிருந்தது.

"என்ன கண்ணு, வந்திருச்சுன்னானே. படத்தப் போடு," என்றார்.

"கொஞ்சம் இருங்க மாமா."

அந்தப் படங்கள் டியில் இருந்தன. வேறெங்கும் இல்லை. கேமராக் கார்டை நேற்று ஒரு காதுகுத்துக்காக அழித்திருந்தாள்.

கார்த்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க டிய எப்பப் பிரிச்சீங்க?"

"நீ போன்ல சொன்னியே, அன்னிக்கு. நீ மொதத் தடவ வந்து, கரண்டு போயி, பஸ்ஸுக்கு ஓடினியே. அதுக்கப்பறம்."

"நான் செக்டரக் காப்பி எடுத்தது?"

"அதுக்கு முன்னாலதான?"



டிஸ்க்கின் முதல் செக்டர் என்பது ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் கொண்ட சிறு துண்டு. அதன் முன்பகுதியில், நானூற்று நாற்பத்தாறு பைட்டுக்குள், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் நிரல் இருக்கிறது. அதற்குப் பின்னால் அறுபத்து நான்கு பைட்டில் டிஸ்க் எங்கெங்கே பிரிந்திருக்கிறது என்ற அட்டவணை. லினக்ஸை எழுப்பும் பூட்லோடர் அந்த முன்பகுதியில் தன்னை எழுதிக்கொள்கிறது. இன்று எழுதியது சரியாக அமையாமல் கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. முன்பகுதியை மட்டும் பழையபடி எழுதியிருந்தால் போதும். கார்த்தி பழைய காப்பியிலிருந்து செக்டர் முழுவதையும் எழுதிவிட்டான். டி பிறப்பதற்கு முந்தைய அட்டவணை.

தவறு என்று கம்ப்யூட்டர் எதுவும் சொல்லவில்லை. திரையில் அருவிப் படம் எப்போதும்போல் இருந்தது.

"என்னடா பண்ணின?" என்றாள் கவிதா.

"உங்க காட்ட அண்ணந்தம்பி பிரிச்சுக்கிட்டீங்கன்னு வைங்க்கா. அதுக்கப்பறம் ஒருத்தன் பிரிக்கறதுக்கு முந்தின பட்டாவக் கொண்டாந்து ஆபீஸ்ல பதிஞ்சுட்டா..."

"எவன் அப்படிப் பண்ணுவான்?" என்றார் சின்னராசு.

"இவந்தான் மாமா."

சின்னராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மடியில் வைத்திருந்த துணிப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள படம் போயிருச்சா?"

வெளியே பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"சொந்தக்காரங்க போன்ல எடுத்திருப்பாங்களே மாமா," என்றாள் கவிதா. அவளுக்கே அது கேட்கவில்லை.

"எல்லாப் போனையும் வாங்கிப் பாத்துட்டேன். உம் முதுகுதான் இருக்குது கண்ணு. பொண்ணு இல்ல, மாப்பிள்ள இல்ல. உம் முதுகு."

கவிதா சுவரில் சாய்ந்தாள்.

கார்த்தி கம்ப்யூட்டரை அணைத்தான். "இனி விண்டோஸத் தொறக்கக் கூடாது. அது மேல எதையாச்சும் எழுதிப்புடும்." பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினான். இந்த முறை கம்ப்யூட்டரை அதிலிருந்தே எழுப்பினான். "படம் அழியலீங்க்கா. அங்கயேதான் கெடக்குது. வேலி எங்கன்னுதான் தெரியல. சிய எந்த அளவுக்குச் சுருக்குனீங்க?"

"யாருக்குத் தெரியும்? அதுவே ஒரு நம்பர் காட்டுச்சு. மாத்தாம அழுத்திட்டேன்."

"நெனப்பு வராதா?"

"போட்டோ எடுத்தேன். உனக்கு அனுப்பலாம்னு."

"எனக்கு வரலையே."

"டவர் இல்ல. விட்டுட்டேன்."

போனில் தேடினாள். இருந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்த திரை. எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் வெள்ளை வெளிச்சம்.

கார்த்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"போட்டோக்காரி எடுத்த போட்டோவாக்கா இது?"

"வாய மூடிக்கிட்டு வேலயப் பாருடா."

சி முடியும் இடத்தில் டி தொடங்கும். கடைசி இலக்கத்துக்குப் பூஜ்யம் போட்டான். எதையும் எழுதாமல், படிக்க மட்டும் கேட்டான். இல்லை என்றது. ஒன்று. இல்லை. இரண்டு. இல்லை. சின்னராசு எழுந்து வந்து பின்னால் நின்றார். மிளகு வாசனை அடித்தது. மூன்று. நான்கு. ஒவ்வொரு முறையும் அதே ஒற்றை வரி. ஐந்து. கவிதா திரையைப் பார்க்கவில்லை. கார்த்தியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு.

ஏழு.

அந்த வரி வரவில்லை.

கோப்புகள் இறங்கின. காதுகுத்து. சீர். அம்சவேணி கல்யாணம்.

கார்த்தி நெற்றியை மேசையில் வைத்தான். "மொதல்ல வேறொரு டிஸ்க்குக்கு மாத்திரலாம்க்கா. அப்பறந்தான் அட்டவணைய எழுதணும்."

"தாலி கட்டறத மட்டும் காட்டச் சொல்லு," என்றார் சின்னராசு.

கவிதா திறந்தாள்.

மாப்பிள்ளை குனிந்திருந்தான். கை அம்சவேணியின் கழுத்துக்குப் பின்னால். சுற்றிலும் அரிசி பறந்துகொண்டிருந்தது. அம்சவேணி தாலியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது.

சின்னராசு திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"எங்க பாக்கறா?"



"நீங்க போன ரோட்டுப் பக்கங்க மாமா."

அவர் வாய் திறந்திருந்தது.

"அடுத்தது."

அடுத்ததிலும் தலை அங்கேயே இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"நான் சத்தம் போட்டேனுங்க," என்றாள் கவிதா. "கேமராவப் பாரு கண்ணு, கேமராவப் பாருன்னு. அவ திரும்பவே இல்லீங்க."

சின்னராசுவின் கையிலிருந்த துணிப்பை நழுவிக் கீழே விழுந்தது. மிளகு தரையெங்கும் ஓடியது. கார்த்தி குனிந்தான்.

"இருக்கட்டும் சாமி," என்றார் சின்னராசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்தது போடச் சொல்லு."