மூடாத வால்வு

மாடி அறையிலிருந்து மகனின் குரல் படியிறங்கி வந்தது. "தண்ணியில விஷம் கலக்குறாங்க மக்களே! பச்சையா வருது, பாருங்க!"

கீழே பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போய்த் திரும்பினார். முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தில் குழாய்களோடு மாரடித்தவர். மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று பார்க்கப் பச்சைச் சாயம் கலப்பது அவர் காலத்து வழக்கம். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கலக்குமுன் வீடுகளுக்குப் போகும் வால்வுகளை மூட வேண்டும், அவ்வளவுதான். இன்று காலை ஒரு வால்வு மூடப்படவில்லை. மறந்தது, இப்போது அதே வாரியத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகள்.

பம்ப் ஹவுஸிலிருந்து அவள் போன் செய்தாள். "அப்பா, நாப்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. எல்லார் கையிலயும் தம்பி வீடியோதான் ஓடுது. கேட்டைப் புடிச்சு உலுக்குறாங்கப்பா."

"போலீஸ்?"

"வந்துட்டே இருக்காங்களாம்."

பெரியவர் மாடியேறிக் கதவைத் தள்ளினார். மகன் மைக்கைப் பொத்தினான். "அப்பா, லைவ் போகுது!"

"போகட்டும். உங்க அக்கா அங்க மாட்டிக்கிட்டு நிக்கிறா. நிறுத்துடா."

"அவளுக்கு என்ன தெரியும்? மேல இருக்கிறவன் அவளையும் ஏமாத்துறான்."

"சாயம் கலந்ததே அவதான்டா!"

வீட்டு விஷயத்தை வாசல் தாண்ட விட்டவரில்லை பெரியவர். மகளின் தவறு ஊர் வாயில் விழுவதை நினைத்தாலே கூசியது. ஆனாலும் மைக்கிலிருந்து மகனின் கையை விலக்கிவிட்டு, காலரைச் சரிசெய்துகொண்டு கேமரா முன் நிமிர்ந்து நின்றார்.

"நான் இவன் அப்பா. அது கசிவு பாக்குற சாயம், விஷம் இல்ல. வால்வை மூட மறந்தது என் பொண்ணு. தப்புதான். அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். கலைஞ்சு போங்க."

அந்த வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லை மகன் கேட்டதே இல்லை. ஒரு கணம் அவன் முகம் பழைய பிள்ளை முகமானது. பிறகு கண் திரைக்குப் போயிற்று. பார்ப்பவர்கள் இரட்டிப்பாகியிருந்தார்கள். 'பெருசுக்கு எவ்வளவு வெட்டுனாங்க?' 'அனலண்ணா, உங்க வீட்டுக்குள்ளயே துரோகி!'

மகன் மறுபடி சேனலின் அனலண்ணன் ஆனான். மைக்கை வாயருகே இழுத்தான். "பாத்தீங்களா மக்களே, அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! எங்கப்பாவையே வளைச்சுப் போட்டுட்டாங்க!"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீழே இறங்கினார். சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

பம்ப் ஹவுஸ் இரண்டு தெரு தள்ளி.

"யோவ், இவருதான்யா அந்த ஆளு!"

கூட்டம் விலகியது, படம்பிடிக்க வசதியாக. கம்பிகளுக்கு அப்பால் மகள் சாவியோடு ஓடிவந்தாள். "சீக்கிரம் உள்ள வந்துடுங்கப்பா!"

"தொறக்காத. தொறந்தா இவங்களும் வருவாங்க."

பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். கடைசிச் சொட்டுவரை மடமடவென்று குடித்தார்.

"நடிப்பைப் பாரு! அது வேற தண்ணிடா!" என்றது ஒரு குரல். கேட் மறுபடி அதிர்ந்தது.

பெரியவர் திரும்பி, பூட்டின்மேல் முதுகை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் விட்டுக் கம்பிகளைப் பற்றினார். இடது கையைப் பிடித்த விரல்கள் மகளுடையவை. ஒவ்வொரு முகத்துக்கு முன்னும் ஒரு போன். அத்தனை போனிலும் அவர் பெற்ற பிள்ளை கத்திக்கொண்டிருந்தான்.