நூறா, நானூறா

1.

இந்தக் கதை ஒரு பிலிம் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்ணிலிருந்து வந்தது. ஏ.எஸ்.ஏ. 100. பிலிம் எவ்வளவு வேகமாக ஒளியை வாங்கும் என்பதைச் சொல்லும் எண். வெயிலில் எடுக்க நூறு போதும். இரவு வானத்துக்கு நானூறு வேண்டும். என்னிடம் நூறுதான் இருந்தது.

கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரவு வானத்தைப் படமெடுக்கும் முறை பற்றி. மூன்று வரி போனது. நான்காவது வரியில் என் மனைவி வந்துவிட்டாள். நாகலெட்சுமி. அவள் இறந்து ஆறு வாரம் ஆகிறது.

2.

தொடக்கம் ஒன்று: “1965 அக்டோபர் கடைசியில், விடிவதற்கு முன், கிழக்கு வானில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது.” சரியான வாக்கியம். எந்தப் பத்திரிகையிலும் வரும். அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: “அன்று விடியற்காலை நான் வீட்டில்தான் இருந்தேன். அவளுக்கு வெந்நீர்—”

பொய். ஆனாலும் இருக்கட்டும், நீங்கள் பார்க்க.

தொடக்கம் மூன்று, அவள் குரலில்:

“அம்மா வெளிய விட மாட்டேங்குதுங்க. மாசமா இருக்கவ வால்வெள்ளியப் பாக்கக் கூடாதாம். புள்ளைக்கு ஆகாதாம்.”

“நீ நம்புறியா?”

“நான் நம்பி என்ன, நம்பாட்டி என்ன? கதவுக்குக் குறுக்க பாயப் போட்டுப் படுத்துருக்கு. இந்த வயித்த வச்சுக்கிட்டு தாண்டவா முடியும்? நீங்க படம் புடிச்சுட்டு வாங்க. படத்துல பாத்தா குத்தமில்ல.”

“யாரு சொன்னா?”

“படத்துல புலியப் பாத்தா கடிக்குமா?”

(கிரகணத்துக்கு உள்ள கட்டுப்பாட்டை என் மாமியார் காளியாயி வால்வெள்ளிக்கும் நீட்டியிருந்தார். தேயிலைக் கொழுந்தெடுத்து மகளைப் படிக்க வைத்தவர். அவரிடம் வாதாட நான் படித்த கல்லூரியில் சொல்லித் தரவில்லை.)

மாசமாக இருப்பவளைப் படம் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. அதை அவளே உடைத்தாள்.

“எனக்கு வால்வெள்ளியக் காட்டுறதா இருந்தா என்னைய ஒண்ணு எடுத்துக்கங்க. ஒண்ணுதான்.”

மறுநாள் காலை, அவள் அம்மா மலைக்கு வேலைக்குப் போனதும், பள்ளிக்கூடத்து ஆசிரியர் குவாட்டர்ஸ் வாசலில் வெயிலில் நின்றாள். பன்னிரண்டு படச் சுருளில் அது ஒன்பதாவது. முன்னால் எட்டும் பள்ளி விளையாட்டுப் போட்டி. பின்னால் மூன்று மிச்சம்.

எங்கள் கல்யாணத்துக்குப் படக்காரர் வரவில்லை. திம்புள்ளப் பக்கம் மண் சரிந்து ரோடு மூடியிருந்தது. ஆகவே அவள் முகம் உள்ள படம் உலகத்தில் அந்த ஒன்பதாவது மட்டும்தான்.

3.

கட்டுரைக்காரன் இங்கே கொஞ்சம் பேச வேண்டும். ஷட்டரை அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாகிவிடும். அரை நிமிடத்துக்கு நூறு போதாது. கொழும்பிலிருந்து நானூறு வர இரண்டு வாரம் ஆகும். வால்வெள்ளி அதுவரை நிற்காது. ஒரு வழி உண்டு: நூறை நானூறு என்று நினைத்துக்கொண்டு எடுப்பது, பிறகு பிலிமைக் கூடுதல் நேரம் கழுவுவது.

நான் அப்படித்தான் எடுத்தேன். ஐப்பசி மழைக்கிடையில் வானம் தெளிந்த ஒரே விடியற்காலை. ஃபேக்டரிக்கு மேலே உள்ள மேட்டில் நான் கேமராவை நிறுத்தும்போது காவல்காரர் கந்தப்பன் கீழே போய்க்கொண்டிருந்தார்.

“என்ன மாஸ்டர், நச்சத்திரத்துக்கு பெரட்டா? பேர் கூப்புட்டு வேலைக்கு அனுப்பப் போறீங்களா?”

இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதுக்கு ஷட்டரைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டில் கந்தப்பன் கீழிருந்து கத்தினார்.

“மாஸ்டர்! ஓடியாங்க! வீட்டம்மாவுக்கு வலி எடுத்துருச்சு!”

நான் முப்பது வரை எண்ணினேன்.

(இந்த வரியைத் தவிர்க்கத்தான் மேலே மூன்று தொடக்கங்கள்.)

எட்டு நொடியில் யாரும் சாவதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரும் அதைச் சொன்னார். மதியம் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. மாலையில் அவள் கேட்டாள்:

“கெடச்சுதா?”

“கெடச்சுது.”

அதற்குப் பிறகு அவள் பேச—

வேண்டாம்.

4.

இருபத்தேழாம் நாள். அட்டனில் றோலண்டின் ஸ்டூடியோ. முப்பதாம் நாள் படையலுக்கு மகள் முகம் வேண்டும் என்று காளியாயியும் குழந்தையோடு ரயிலேறி வந்திருந்தார். முதல் பிரதியில் நான் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. றோலண்டையும் நல்லவராக எழுதியிருந்தேன். அவர் பசியோடு இருந்தார், அவ்வளவுதான்.

“எந்த ஸ்பீடுன்னு கழுவறது மாஸ்டர்? நூறா, நானூறா? ஒரு ரோலுக்கு ஒண்ணுதான்.”

“வித்தியாசம் எவ்வளவு தெரியும்?”

“நூறுன்னா பதினோரு நிமிசம். அவங்க மொகம் நல்லா வரும், வானம் வெறுங் கறுப்பு. நானூறுன்னா பதினெட்டு. வானத்துல ஏதாச்சும் வரும். மொகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி போயிரும்.”

“வெட்டித் தனித்தனியா கழுவ முடியாதா?”

“இருட்டுல தடவித்தான் வெட்டணும். ஒன்பதும் பத்தும் பக்கத்துல பக்கத்துல. ஒரு விரக்கட தப்பினா அவங்க கழுத்துல போயிரும்.”

காளியாயி எழுந்துவிட்டார்.

“கத்திரியத் தொட்டுப் பாருங்க! செத்தது போதாதா, கழுத்தையும் அறுக்கணுமா எம்புள்ளய?”

பிறகு என்னிடம், குரலை இறக்கி:

“அந்தச் சனியனப் பொட்டிக்குள்ள புடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க. நான் கதவுல படுத்துக் காத்தேன், நீங்க பொட்டியில கொண்டாந்துட்டீங்க. சரி, போகுது. அது வந்தா என்ன, வராட்டி என்ன? இந்தக் குட்டிக்கு ஆத்தா மொகத்த மட்டும் குடுங்க மாப்புள.”

அவர் கேட்டது நியாயம். ஆனால் வானம் கறுப்பாக வந்தால் நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் பொய். அந்த எட்டு நொடியும் எதற்காகவும் இல்லை.

றோலண்ட் பிலிமை எடுத்துக்கொண்டார்.

“பதினோரு நிமிசத்துல கதவத் தட்டுங்க, நிப்பாட்டிடுறேன். தட்டலைன்னா பதினெட்டு வரைக்கும் விட்டுருவேன். என் தலையில கட்டாதீங்க மாஸ்டர்.”

இருட்டறைக் கதவு மூடியது. சிறிது நேரத்தில் உள்ளிருந்து “இப்ப!” என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

5.

முடிவு அ: தட்டினேன். வாசலில் வெயிலில் நிற்கிறாள், ஒரு கண்ணைச் சுருக்கி. காளியாயி படத்தை முந்தானையில் சுற்றிக்கொள்கிறார். மூன்று கறுப்புச் சதுரங்கள் என் பையில்.

முடிவு ஆ: தட்டவில்லை. சாம்பல் கீற்றுப்போல ஒரு வால். பக்கத்தில் முகமில்லாத ஒரு சேலை.

முடிவு இ: குழந்தை அழுதது, நான் நேரத்தைத் தவறவிட்டேன். இது தப்பிக்கும் வழி. அடித்துவிட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இவற்றில் ஒன்று. எனக்குத் தெரியும். அதை எழுதினால், செய்ததை நியாயப்படுத்தும் ஒரு வாக்கியம் கூடவே வந்துவிடுகிறது. நான்கு முறை வந்தது. ஆகவே பத்தரை நிமிடத்தில் நிறுத்துகிறேன்.

நான் கதவுக்கு முன் நிற்கிறேன். பெஞ்சில் காளியாயி. அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் நம்புவார்.

“நேரமாச்சா மாப்புள?”

அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.