நடுவயல் கம்பம்

மூன்று நாளாக விடிகாலையில் மின்சாரம் போனது. வெயில் ஏறியதும் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது. நான்கு ஊர்க்காரர்கள் போன் போட்டு லைன்மேனின் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

பனி ஈரத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால், கம்பியைத் தாங்கும் பீங்கான் ஏதோ ஒன்று விரிசல் விட்டிருக்க வேண்டும். எது என்பதுதான் கேள்வி. மொத்தம் தொண்ணூறு கம்பங்கள். நான்காம் நாள் விடிந்தும் விடியாமலும் அவர் நடுவழி சுவிட்சைத் திறந்து லைனை இரண்டாகப் பிரித்தார். முன்பாதிக்கு மின்சாரம் விட்டதும் போகாமல் நிலைத்தது. கோளாறு பின்பாதியில். அதையும் பிரித்தார். இப்படியே துண்டு போட்டுப் போனதில் கடைசியில் ஐந்து கம்பங்கள் மிஞ்சின. ஐந்தும் அவருடைய தங்கை புருஷனின் வயலில்.

"வேற எங்கயும் இருக்காதா?" என்று போனில் கேட்டார்.

"நான் என்ன சார் பண்றது?" என்றார் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர்.

நான்கு வருடங்களுக்கு முன் வயல் நடுவே கம்பம் நட்டபோது, ஓரமாகத் தள்ளி நடச் சொன்னார் மச்சான். வரைபடத்தில் உள்ளபடிதான் நடுவேன் என்றார் இவர். அன்றிலிருந்து டிராக்டர் கம்பத்தைச் சுற்றிப் போகிறது. மச்சான் இவரைச் சுற்றிப் போகிறார்.

வரப்பில் இருவருக்கும் நடுவில் தங்கை நின்றாள்.

"உங்கண்ணன் எதுக்கு வந்திருக்காருன்னு கேளு."

"கம்பத்துல ஏறணும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்கு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இணைப்பைத் துண்டித்து, பாதுகாப்புக்காகக் கம்பியைத் தரையோடு இணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். நான்காவது, நடுவயல் கம்பம். பீங்கானில் மயிரிழை விரிசல், ஓரத்தில் கருகல். புதியது கீழே பையில் கிடந்தது.

"பீங்கான கயித்துல கட்டிவிட யாராச்சும் இருக்காங்களா?" என்று வயலைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். வயலில் ஒரே ஆள்தான் இருந்தார்.

மச்சான் வந்து கட்டினார். "இது போதுமா?"

"இன்னொரு சுத்து போடுங்க."

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி இறங்கினார். கோளாறு கிடைத்தபின் ஐந்தாவது கம்பத்தில் ஏறத் தேவையே இல்லை.

"அதையும் ஒரு கண்ணு பாத்துடறேன்," என்றார்.

மச்சான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். அங்கே எல்லாம் சரியாக இருந்தது.

"எதுக்கும் பாத்தது நல்லது," என்றார் மச்சான்.

"ஆமா."

மின்சாரம் விட்டார்கள், இந்த முறை போகாமல் நிலைத்தது. இருவரும் ஒரே குழாயடியில் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.